தீயணைப்பு வேலைக்கு வர நினைக்கிறீர்களா? முதலில் மூச்சைப் பழகுங்கள்

புதிதாகச் சேர்ந்தவர்களை முதல்முறை புகை நிரப்பிய பயிற்சிக்கூடத்துக்குள் அனுப்பும்போது நான் அவர்களின் தோளையோ புஜத்தையோ பார்ப்பதில்லை. பி.ஏ. செட்டின் பிரஷர் முள்ளைத்தான் பார்ப்பேன். இந்த வேலை ஒருவருக்குக் கைவருமா என்பதை அந்த முள் இறங்குகிற வேகமே பாதி சொல்லிவிடும்.

பி.ஏ. செட் என்பது சுவாசக் கருவி. முதுகில் ஒரு சிலிண்டர், முகத்தை முழுதாக மூடும் மாஸ்க், நெஞ்சருகே தொங்கும் ஒரு மீட்டர். சிலிண்டரில் இருப்பது ஆக்சிஜன் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நாம் எப்போதும் சுவாசிக்கும் காற்றேதான் அது. வடிகட்டி, அழுத்தி அடைத்திருக்கும். 6.8 லிட்டர் சிலிண்டரில் 300 பார் அழுத்தம் வரை அடைத்தால் ஏறத்தாழ 2,000 லிட்டர் காற்று பிடிக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்று நமக்குப் போதும். தண்ணீர் நிரம்பிய ஹோஸை இழுத்துக்கொண்டு படி ஏறினால் அதுவே 60, 80 ஆகும். பதற்றமும் சேர்ந்துகொண்டால் 100-ஐத் தாண்டும். அழுத்தம் 55 பார் அளவுக்கு இறங்கியதும் ஒரு விசில் அடிக்க ஆரம்பிக்கும். விசில் கேட்டபின் கிளம்பிக்கொள்ளலாம் என்று உள்ளே இருப்பது பெரிய தவறு. விசில் அடிக்கும்போது நாம் வெளியே நின்றிருக்க வேண்டும். அதற்குப் பின் மிஞ்சும் காற்று, வழி தவறியவரின் உயிரைப் பிடித்து வைப்பதற்காக இருப்பது. வேலை செய்வதற்காக அல்ல.

ஒரு வகுப்பில் இரண்டு பேரை ஜோடியாக உள்ளே அனுப்பினேன். ஒருவர் தினமும் ஜிம்முக்குப் போகிற இளைஞர், நல்ல பலசாலி. இன்னொருவர் ஒல்லியான பெண், நீச்சல் பழகியவர். இருட்டில் சுவரைத் தொட்டபடியே மூன்று அறைகளைத் தேடி, ஆள் எடையுள்ள ஒரு பொம்மையை வெளியே இழுத்து வர வேண்டும். நெருப்பு கிடையாது, செயற்கைப் புகை மட்டும். நானும் பின்னாலேயே போனேன். இரண்டாவது அறைக்குள் நுழைந்தபோது அந்த இளைஞரின் மூச்சுச் சத்தம்தான் அறை முழுக்கக் கேட்டது. மாஸ்க்குக்குள் ரப்பர் வாசனை, கண்ணுக்கு எதுவும் தெரியாது, காதில் சொந்த மூச்சு மட்டும். அந்த நேரத்தில் ‘காற்று போதவில்லை, கழற்று’ என்று மூளை சொல்லும். காற்று போதுமான அளவு வந்துகொண்டுதான் இருக்கும், ஆனாலும் சொல்லும். அவருடைய கை மாஸ்க்கின் பட்டையைத் தேடிப் போனது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே வெளியே கூட்டி வந்தேன். 16-வது நிமிடம் அவருடைய விசில் அடித்தது. அந்தப் பெண்ணின் மீட்டர் அப்போது 160 பார் காட்டியது.

அந்த இளைஞர் அன்றைக்கே வேலை வேண்டாம் என்று போய்விடுவார் என நினைத்தேன். போகவில்லை. நான் சொன்னதைச் செய்தார்: தினமும் அரை மணி நேரம் முதுகில் பாரத்தோடு படி ஏறி இறங்குவது, நான்கு எண்ணி மூக்கால் இழுத்து ஆறு எண்ணி விடுவது, வாரம் இருமுறை மாஸ்க்கை மாட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்து கயிற்றில் முடிச்சுப் போடுவது. ஆறு வாரம் கழித்து அதே கூடத்தில் 23 நிமிடம் தாக்குப்பிடித்தார். நுரையீரல் பெரிதாகிவிடவில்லை. பயம் வரும்போது என்ன செய்ய வேண்டும் என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். பயமே இல்லாதவர் எங்களுக்குத் தேவையும் இல்லை. அப்படிப்பட்டவர் தன்னோடு உள்ளே வந்தவரையும் சேர்த்து ஆபத்தில் கொண்டுபோய் நிறுத்துவார்.

மூச்சுக்கு அடுத்தது இதயம். தீயணைப்பு வீரர்கள் நெருப்பில் சிக்கித்தான் இறக்கிறார்கள் என்பது பொதுவான நினைப்பு. அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாக எடுத்துவரும் கணக்கில், பணியின்போது இறந்தவர்களின் மரணத்துக்கு முதல் பெரிய காரணம் மாரடைப்பு. தூக்கத்திலிருந்து எழுந்து இரண்டு நிமிடத்துக்குள் கனமான உடையை மாட்டி, வண்டியில் ஏறி, இறங்கியதும் உச்சகட்ட உழைப்பு. உடையும் கருவியும் சேர்ந்தால் 20 கிலோவுக்கு மேல். உடம்பின் சூடு வெளியேற வழியில்லை, வியர்த்து இரத்தம் கெட்டியாகிறது, நாடித்துடிப்பு எகிறுகிறது. அடைப்பு இருப்பதே தெரியாத இதயம் இந்த மாதிரி நேரத்தில்தான் கைவிடும். அதனால் விண்ணப்பப் படிவத்தை வாங்குவதற்கு முன்னால் ஒரு மருத்துவரைப் பாருங்கள். இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, இ.சி.ஜி. எல்லாம் பார்த்துவிடுங்கள். குடும்பத்தில் யாருக்காவது இளம் வயதில் மாரடைப்பு வந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். புகைபிடிப்பவர் என்றால் இன்றைக்கே நிறுத்துங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

உடல்தகுதித் தேர்வு இடத்துக்கு இடம் மாறும். எந்த அளவுக்குத் தயாராக வேண்டும் என்று ஒரு மட்டம் தெரிந்துகொள்ள, வட அமெரிக்காவில் பரவலாக நடக்கும் ‘சிபாட்’ தேர்வைச் சொல்கிறேன். ஏறத்தாழ 22.7 கிலோ எடையுள்ள அங்கியை மாட்டிக்கொண்டு, எட்டு வேலைகளை 10 நிமிடம் 20 விநாடிக்குள் முடிக்க வேண்டும். முதல் வேலையே படியேற்ற இயந்திரம். அங்கியோடு தோளில் இன்னும் 11 கிலோவைச் சேர்த்துக்கொண்டு, நிமிடத்துக்கு 60 படி வேகத்தில் மூன்று நிமிடம் ஏற வேண்டும். தோற்றுப்போகிறவர்களில் நிறையப் பேர் அந்தப் படியிலேயே கால் நடுங்கி நின்றுவிடுவார்கள். அப்புறம் ஹோஸ் இழுப்பது, கருவிகளைத் தூக்கிச் செல்வது, ஏணி தூக்குவது, சுத்தியலால் அடிப்பது, குறுகிய இருட்டுச் சுரங்கத்தில் தவழ்வது, 75 கிலோ பொம்மையை இழுப்பது, கூரையை உடைக்கும் கம்பால் குத்தி இழுப்பது. ஒரு வேலையிலிருந்து அடுத்ததற்கு ஓடக் கூடாது, நடந்துதான் போக வேண்டும். அந்த நடையில் மூச்சை மீட்டுக்கொள்கிறவர் தேறிவிடுவார். ஆகவே பெஞ்ச் பிரஸ் எவ்வளவு தூக்குகிறீர்கள் என்பதை ஓரமாக வைத்துவிட்டு, கால், இடுப்பு, கைப்பிடி இந்த மூன்றையும் பலப்படுத்துங்கள். பாரத்தோடு படி ஏறும்போது ஒரு முழு வாக்கியத்தை நிறுத்தாமல் பேச முடிகிறதா என்று பாருங்கள். அதுதான் நான் கொடுக்கும் அளவுகோல்.

உங்களைத் தேடி வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை தீ விபத்தாக இருக்காது. அமெரிக்காவில் தீயணைப்புத் துறைக்கு வரும் அழைப்புகளில் தீ சம்பந்தப்பட்டது 20-ல் ஒன்றுகூட இல்லை. பாதிக்கு மேல் மருத்துவ உதவிக்கானவை. மற்ற இடங்களிலும் சாலை விபத்து, வெள்ளம், லிஃப்டில் சிக்கியவர், கிணற்றில் விழுந்தவர் என்றே நாட்கள் போகும். நெருப்போடு சண்டை போட வேண்டும் என்ற ஒரே ஆசையில் வருகிறவர் மூன்றாவது மாதமே சோர்ந்துவிடுகிறார். மனிதர்களுக்கு ஓர் ஆபத்தான நேரத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று வருகிறவர் தங்கிவிடுகிறார். சேரும் தேதிக்காகக் காத்திருக்காமல், இந்த மாதமே முதலுதவிப் பயிற்சிக்குப் போய்விடுங்கள். இதயம் நின்றுபோன, வயதுவந்த ஒருவரின் நெஞ்சை 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த உங்கள் கைக்குத் தெரிந்திருந்தால், தீயணைப்பு வேலையின் ஒரு பகுதியை நீங்கள் ஏற்கெனவே தொடங்கிவிட்டீர்கள்.

தன்னார்வலராகச் சேர்வதா, சம்பள வேலையாக எடுப்பதா என்று பலர் கேட்கிறார்கள். தன்னார்வலர் என்றால் ஏதோ உதவியாள் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். ஜெர்மனியில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் தன்னார்வத் தீயணைப்பு வீரர்கள். சிலி நாட்டில் 1851-ல் வல்பரைசோ நகரத்தில் தொடங்கி இன்றுவரை தீயணைப்புப் படையே தன்னார்வலர்களுடையதுதான். பிலடெல்பியாவில் 1736-ல் பெஞ்சமின் பிராங்க்ளின் தொடங்கிய குழுவில் ஒவ்வோர் உறுப்பினரும் தோல் வாளிகளையும், பொருட்களை அள்ளிக் காப்பாற்றப் பைகளையும் சொந்தமாக வைத்திருந்து, சத்தம் கேட்டதும் எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்கள். தீ எதிரே நிற்பவரிடம் சம்பளச் சீட்டைக் கேட்பதில்லை. பயிற்சி இரண்டு பேருக்கும் ஒரே தரத்தில் இருக்க வேண்டும். உங்கள் ஊர்க் குழு அரைகுறைப் பயிற்சியோடு உள்ளே அனுப்பினால் மறுத்துவிடுங்கள்.

வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. சம்பள வேலையில் ஷிஃப்ட் உண்டு, முடிந்ததும் வீடு. தன்னார்வலருக்கு இரவு இரண்டு மணிக்கு போன் அடிக்கும், காலை ஒன்பது மணிக்கு அவருடைய சொந்த வேலையும் காத்திருக்கும். அதனால் முன்கூட்டியே வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள். முதலாளியிடமும் சொல்லிவிடுங்கள். காயம்பட்டால் காப்பீடு யார் பெயரில், எந்தெந்த வேலைக்குப் பொருந்தும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இதைக் கேட்க யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

சேர்ந்த புதிதில் பெரும்பாலும் கழுவுவது, உலர்த்துவது, சுருட்டுவது, எண்ணிச் சரிபார்ப்பது. இதற்கா வந்தோம் என்று மனம் சலிக்கும். எனக்கும் சலித்தது. ஒரு நாள் காலை ஹோஸ்களைச் சரிபார்க்கும் முறை என்னுடையது. இணைப்புக்குள் ஒரு ரப்பர் வாஷர் இருக்கும், விரலை விட்டுத் தடவிப் பார்த்தால் தெரியும். நான் கடைசி இரண்டு ஹோஸ்களைத் தடவாமலே பட்டியலில் டிக் போட்டேன். அன்று மாலை ஒரு கிடங்குத் தீ. இரண்டு ஹோஸ்களைச் சேர்த்துத் தண்ணீர் விட்டதும் இணைப்பிலிருந்து நாலா பக்கமும் பீய்ச்சியடித்தது. பிராஞ்சை, அதாவது தண்ணீர் பீய்ச்சும் முனைக் குழாயை, பிடித்தபடி வாசலில் மண்டியிட்டிருந்த மூத்தவருக்குப் போதிய வேகத்தில் தண்ணீர் போகவில்லை. அவர் பின்வாங்கி, வேறு ஹோஸை மாட்டி, மறுபடி போக வேண்டியதாயிற்று. யாருக்கும் காயமில்லை. திரும்பி வந்ததும் அவர் என்னைத் திட்டவில்லை, தன் சட்டைப்பையிலிருந்து ஒரு வாஷரை எடுத்து என் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போனார். அது இன்றும் என்னிடம் இருக்கிறது.

பயிற்சி முடியும்வரை எரியும் கட்டடத்துக்குள் போகாதீர்கள் என்று நான் கெஞ்சிக் கேட்பதற்கும் காரணம் இருக்கிறது. அமெரிக்காவின் யூ.எல். ஆய்வகம் ஒரே அளவுள்ள இரண்டு அறைகளை எரித்துப் பார்த்தது. ஒன்றில் பழைய காலத்து மரமும் பருத்தியும், மற்றொன்றில் இன்றைய ஃபோம் மெத்தையும் செயற்கை இழைத் துணியும். பழைய அறை முழுவதும் ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ள ஏறத்தாழ அரை மணி நேரம் ஆனது. இன்றைய அறைக்கு நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. இப்படி ஒட்டுமொத்தமாகப் பற்றுவதை ஃப்ளாஷ்ஓவர் என்போம். கூரையடியில் தேங்கும் புகை 600 டிகிரியை நெருங்கும்போது தரையில் இருக்கும் பொருளும் தானாக எரியத் தொடங்கிவிடும். முழு உடையில் இருக்கும் வீரருக்கே அங்கே சில விநாடிதான். சட்டை வேட்டியோடு உதவ ஓடியவர் எங்களுக்கு இன்னொரு மீட்பு வேலையாகிவிடுகிறார். சேருவதற்கு முன்பே செய்யக்கூடியது ஒன்று உண்டு: வெளியேறும்போது அறைக் கதவைச் சாத்திவிட்டு வாருங்கள். மூடிய கதவு தீக்குப் போகும் காற்றைத் தடுத்து, உள்ளே சிக்கியவருக்கு நிமிடங்களை வாங்கிக் கொடுக்கும்.

கரி படிந்த ஹெல்மெட்டும் உடையும் அனுபவத்தின் அடையாளம் என்று எங்கள் தலைமுறை பெருமைப்பட்டது. அந்தக் கரியைத் தோளில் சுமந்து வீடு வரை கொண்டுபோனோம். 2022-ல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம், தீயணைப்புப் பணியையே புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான முதல் பிரிவில் சேர்த்தது. கல்நாரும் புகையிலையும் இருக்கிற அதே பிரிவு. தீ அணைந்தபின் புகைகிற குப்பையைக் கிளறும் நேரத்திலும் மாஸ்க்கைக் கழற்றாதீர்கள்; அலட்சியம் அங்கேதான் அதிகம். கழுத்து, காதோரம், மணிக்கட்டு இவற்றை அங்கேயே துடையுங்கள், நிலையம் திரும்பியதும் குளித்துவிடுங்கள். உடை உங்கள் கார் சீட்டிலும், பிள்ளைகள் விளையாடும் அறையிலும் இருக்கவே கூடாது. மாற்று உடை உண்டா, தோய்க்கத் தனி இயந்திரம் உண்டா என்பதைச் சேரும் இடத்தில் கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதிலில் அந்த நிலையம் தன் ஆட்களை எப்படி நடத்துகிறது என்பது தெரிந்துவிடும்.

மனதுக்கு வரும் காயமும் உண்டு. காப்பாற்ற முடியாமல் போன முதல் முகம் எல்லோருக்கும் நினைவிருக்கும். தூக்கம் கெட்டால், சாப்பாடு இறங்காவிட்டால், இரண்டு வாரத்துக்கு மேல் இழுத்துக்கொண்டே போனால், குழுத் தலைவரிடமோ மனநல மருத்துவரிடமோ பேசிவிடுங்கள். பேசியவர்கள் வேலையில் தொடர்கிறார்கள், நான் பார்த்திருக்கிறேன்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? பக்கத்து நிலையத்துக்கு நேரில் போங்கள். வண்டி வெளியே வரும் வாசலை மறித்து நிற்காமல், ஓரமாக வந்து அறிமுகப்படுத்திக்கொள்ளுங்கள். ஆள் எடுக்கிறார்களா என்ற கேள்வியை அப்புறம் கேட்கலாம். டிரில் எந்த நாள், வெளியே நின்று பார்க்க அனுமதி கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். கிடைத்தால் மூடிய காலணி போட்டுக்கொண்டு, பத்து நிமிடம் முன்னதாகப் போய், கடைசி ஹோஸ் சுருட்டி முடியும்வரை நில்லுங்கள். யாராவது உங்களைக் கூப்பிட்டு, அந்த ஹோஸின் ஒரு முனையைப் பிடிக்கச் சொல்வார்கள்.