பிணைப்பாற்றல்

அணு இயற்பியலில் 'பைண்டிங் எனர்ஜி' எனப்படுவதற்குத் தமிழ்ச்சொல். இலங்கை வழக்கில் ஆற்றல் 'சக்தி' ஆவதால் அங்கே பிணைப்புச் சக்தி. பிணைத்தல் என்றால் சேர்த்துக் கட்டுதல். போரடிக்க வரிசையாகக் கட்டிய மாடுகளுக்குப் பிணையல் என்று பெயர். ஆற்றல், 'ஆற்று' (செய்) என்னும் வினையடியிலிருந்து வருவது. எனர்ஜியின் கிரேக்க மூலமான 'எர்கோன்' என்பதற்கும் வேலை என்றுதான் பொருள்.

அணுக்கருவுக்குள் சேமித்து வைத்த ஆற்றல் என்று இதைப் புரிந்துகொள்பவர்கள் உண்டு. உண்மை நேர்மாறு. கருவின் துகள்களான புரோட்டானும் நியூட்ரானும் சேரும்போது ஆற்றல் வெளியேறிவிடுகிறது, கருவின் நிறையும் அந்த அளவு குறைகிறது. மறுபடி பிரிக்க அதைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். நீதிமன்றப் பிணை மாதிரிதான்: வெளியே வரக் கட்ட வேண்டிய தொகை.

ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் மட்டுமே உள்ள டியூட்டிரியக் கருவுக்கு அந்தத் தொகை மிகக் குறைவு, 2.2 மெகா எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு). இரண்டிரண்டு உள்ள ஹீலியம்-4க்கு 28.3. பெருவெடிப்புக்குப் பிந்தைய முதல் நிமிடங்களின் கதையே இந்த வேறுபாடுதான். ஹீலியத்துக்குப் போகும் வழியில் முதற்படி டியூட்டிரியம். ஆனால் அப்போது ஒவ்வொரு புரோட்டான் அல்லது நியூட்ரானுக்கும் நூறு கோடிக்கு மேல் ஒளித்துகள்கள் இருந்தன. அவற்றின் சராசரி ஆற்றல் 2.2க்கு வெகு கீழே இறங்கிய பிறகும், அத்தனை பெரிய கூட்டத்தில் டியூட்டிரியத்தை உடைக்கும் வலுவுள்ளவை போதுமான அளவு மிஞ்சியிருந்தன. வெப்பம் சுமார் நூறு கோடி கெல்வினுக்குத் தணியும் வரை, சில நிமிடங்கள், முதற்படி நிலைக்கவே இல்லை.

அந்தத் தாமதத்தில் தனி நியூட்ரான்கள் சிதைந்துகொண்டிருந்தன. ஆறு புரோட்டானுக்கு ஒன்று என்றிருந்தது ஏழுக்கு ஒன்றானது. படி நிலைத்ததும் எஞ்சிய நியூட்ரான்கள் ஏறக்குறைய எல்லாம் ஹீலியத்துக்குள் போயின. அணுப்பொருளின் நிறையில் கால் பங்கு ஹீலியம் ஆனது இப்படித்தான்.

அடுத்த தடையும் பிணைப்பின் வேலைதான். நிறை எண் (புரோட்டான், நியூட்ரான்களின் மொத்த எண்ணிக்கை) 5 உடைய கருவும் 8 உடைய கருவும் நிலைப்பதில்லை. அதனால் கொஞ்சம் லித்தியத்தோடு ஆட்டம் நின்றது; கார்பனுக்கு விண்மீன்கள் தோன்ற வேண்டியிருந்தது. அந்த விண்மீன்களோ டியூட்டிரியத்தை எரித்துத் தீர்ப்பவை. தூத்துக்குடி கனநீர் (டியூட்டிரியம் செறிந்த நீர்) ஆலை பிரித்தெடுத்த டியூட்டிரியம்கூட அந்த முதல் நிமிடங்களின் மிச்சம்தான்.