உலையில் குறையும் பித்தளைக்கு என்ன கணக்கு? ஜிஎஸ்டி இருப்புப் பதிவேடு

"தம்பி, புகையாப் போன பித்தளைக்கு நான் எந்தப் பில்லைக் காட்டுறது?"

நாச்சியார்கோவிலில் குத்துவிளக்குப் பட்டறை நடத்தும் ஒருவர் என்னிடம் கேட்டது. கேலியாகத்தான் கேட்டார். ஆனால் நான் கணக்கு எழுதும் பட்டறைகளில் பாதிப் பேர் தடுக்கி விழும் இடம் அதுதான்.

முதலில் இருப்புப் பதிவேடு யாருக்குக் கட்டாயம் என்று பார்த்துவிடலாம். தமிழ்நாட்டில் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு வேண்டும். பதிவு பெற்றவர்களில் காம்போசிஷன் திட்டத்தில் (விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் சிறு வியாபாரிகள் திட்டம்) இருப்பவருக்கு இருப்புப் பதிவேடு கட்டாயமில்லை. மற்றவர்கள் எல்லோரும் ஜிஎஸ்டி சட்டத்தின் 35-ஆம் பிரிவு, விதி 56 சொல்கிறபடி எழுதியாக வேண்டும். ஆரம்ப இருப்பு, வந்தது, போனது, மீதி. தொலைந்தது, திருடு போனது, அழிந்தது, தள்ளுபடி செய்தது, அன்பளிப்பாகவோ சாம்பிளாகவோ கொடுத்தது ஆகியவற்றுக்கும் பதிவு வேண்டும். மூலப்பொருள், முடிந்த சரக்கு, கழிவு மூன்றையும் ஒரே பக்கத்தில் குழப்பி எழுதக்கூடாது.

உற்பத்தி செய்பவருக்கு இன்னொரு வேலையும் உண்டு. எவ்வளவு மூலப்பொருள் போட்டோம், எவ்வளவு சரக்கு வந்தது, எவ்வளவு கழிவு என்று மாதந்தோறும் அளவோடு உற்பத்திக் கணக்கு எழுத வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

ஒரு பேச்சுக்கு, 100 கிலோ பித்தளையை மூசையில் (உருக்கும் மண்பாத்திரம்) உருக்குகிறீர்கள். வண்டல் மண் அச்சில் ஊற்றி எடுத்தால் பீடம், தண்டு, அகல், பிரபை எல்லாம் சேர்ந்து 70 கிலோ. அச்சின் வாயில் உறைந்த துண்டு, கடைசல் சுருள், ராவிய தூள் ஒரு 26 கிலோ. அது திரும்ப உலைக்குப் போகும். மிச்சம் 4 கிலோவைக் காணோம். கொஞ்சம் கசடோடு போயிருக்கும். கொஞ்சம், உருக்கும்போது வெள்ளையாக எழும்புமே, அந்தப் புகையில். அது பித்தளையில் இருக்கும் துத்தநாகம். தனித் துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸிலேயே கொதித்து ஆவியாகிவிடும்.

இந்த 4 கிலோவை "தொலைந்த சரக்கு" என்று எழுதிவிடாதீர்கள். தொலைந்தது, அழிந்தது என்றால், வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்கிறோமே, அந்த ஐடிசியைத் திருப்பிக் கட்ட வேண்டும். சட்டத்தின் 17(5)(h) பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ஆனால் தயாரிப்பிலேயே இயல்பாகக் குறைவது இதில் சேராது. 2021-இல் ஒரு ஸ்டீல் ஆலையின் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. ஆக, புகைக்குப் பில் தேவையில்லை, மாதக் கணக்கில் ஒரு வரி போதும். ஒவ்வொரு உருக்குக்கும் எடை போட்டு எழுதியிருந்தால் நான்கு, நாலரை, மூன்றே முக்கால் என்று வரும். அதை யாரும் நம்புவார்கள். மார்ச் 31 ராத்திரி உட்கார்ந்து மொத்தமாக "சேதாரம்" என்று ஒரு எண்ணைப் போட்டால் நானே நம்ப மாட்டேன், அதிகாரி எப்படி நம்புவார்? கணக்கில் வராத சரக்கை விற்றதாகவே வைத்து வரி போட 35(6) பிரிவு அவருக்கு இடம் கொடுக்கிறது.

கோவில் கும்பாபிஷேகத்துக்கு உபயமாக ஒரு ஆளுயர விளக்கு கொடுத்தீர்களா? அது அன்பளிப்பு. அதற்கான ஐடிசியைத் திருப்ப வேண்டும். புண்ணியம் உங்களுக்கு, வரியும் உங்களுக்குத்தான்.

மழைக்காலம் தனிக் கதை. 2018 நவம்பரில் கஜா புயல் வந்துபோன பிறகு, டெல்டாவில் குடோன் வைத்திருந்த பலருக்கு இந்த விதி அறிமுகமானது. தண்ணீரில் போன சரக்கு "அழிந்தது"தான், ஐடிசி திரும்பும். காப்பீடு கேட்கும்போது அந்த வரித் தொகையையும் கணக்கில் காட்டுங்கள். பித்தளைக்காரருக்கு ஒரு வசதி: விளக்கு நனைந்தால் தேய்த்துக்கொள்ளலாம், உடைந்தால் உருக்கிக்கொள்ளலாம். அது அழிந்த கணக்கில் வராது. தங்கத்தாள் ஒட்டிய தஞ்சாவூர் ஓவியம் நனைந்தால் அந்தக் கதை இல்லை.

அப்புறம், பாலிஷுக்கு வெளியே அனுப்பும் சரக்கு. ஒரு வருடம் இருப்பு எடுத்தபோது 38 கிலோ குறைந்தது. அரை நாள் தேடினோம். கடைசியில் பக்கத்துத் தெருப் பாலிஷ் பட்டறையில் சாக்கில் கட்டிக் கிடந்தது, சலான் (சரக்கோடு அனுப்பும் சீட்டு) போடவே இல்லை. சரக்கு வேறு கூரைக்குக் கீழே இருந்தாலும் கணக்கு உங்களுடையதுதான். டெலிவரி சலான் போட்டே அனுப்புங்கள். மூலப்பொருளாக அனுப்பியது ஒரு வருடத்துக்குள் திரும்பவில்லை என்றால், அனுப்பிய தேதியிலேயே விற்றதாகக் கொள்வார்கள்.

காயலான் கடையில் பழைய பித்தளை வாங்குபவர் கவனிக்க: கடைக்காரருக்கு ஜிஎஸ்டி எண் இல்லை என்றால், 10.10.2024 முதல் அந்தப் பித்தளைக்கான ஜிஎஸ்டியை, வாங்கும் நீங்களே கட்ட வேண்டும்.

பதிவேட்டில் ஒயிட்னர் தடவக்கூடாது. தப்பாக எழுதியதைக் கோடு போட்டு அடித்து, கையெழுத்திட்டு, சரியானதை எழுத வேண்டும். கம்ப்யூட்டரில் வைத்தாலும் சரிதான். ஆண்டுக் கணக்குத் தாக்கலின் கடைசி நாளிலிருந்து 72 மாதம் பாதுகாக்க வேண்டும். 2024-25 நோட்டு என்றால் 2031 டிசம்பர் 31 வரை, கரையான் படாத பரணில்.