உங்கள் சட்டைப்பைப் பேனாவில் என்ன மை?

போன வாரம் ஒரு அம்மா என் கடையில் நின்று அழுதுவிட்டார். லெமினேட் செய்யக் கொண்டுவந்தது ஒரு துண்டுத் தாள்தான். வாடகை வீட்டுக்கு 1,500 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) முன்பணம் கொடுத்ததற்கு வீட்டுக்காரர் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்ட ரசீது. கசங்கிவிடக் கூடாது என்று பத்திரப்படுத்தக் கொண்டுவந்திருக்கிறார். மெஷின் சூடேறியதும் தாளை உறைக்குள் வைத்து உள்ளே விட்டேன். இந்தப் பக்கம் எழுத்தோடு போனது, அந்தப் பக்கம் வெறும் தாளாக வந்தது. தேதி இல்லை, தொகை இல்லை, கையெழுத்தும் இல்லை. "தம்பி, எழுத்து எங்கேப்பா?" என்று தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான்தான் எதையோ செய்துவிட்டேன் என்ற பயம் அவர் முகத்தில் தெரிந்தது.

எனக்கு உடனே புரிந்துவிட்டது, ஏனென்றால் இந்த வருடத்தில் இது மூன்றாவது தடவை. அழிக்கிற ஜெல் பேனா. வீட்டுக்காரர் எழுதப் பேனா கேட்டபோது, பேத்தியின் பென்சில் பெட்டியிலிருந்து இந்த அம்மாவே எடுத்துக் கொடுத்திருக்கிறார். ஏன் அந்தப் பேனா என்று கேட்டேன். "நல்லா வழுக்கிக்கிட்டு எழுதுச்சுப்பா" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் ஒன்பது வருடம் கிராணியாக, அதாவது கணக்கு எழுதும் குமாஸ்தாவாக இருந்தேன். அப்புறம் டவுனில் எழுதுபொருள், போட்டோஸ்டாட் கடை வைத்துப் பதினெட்டு வருடம் ஆகிறது. பாரம் நிரப்பத் தெரியாதவர்களுக்கு நிரப்பிக் கொடுப்பதும் என் வேலைதான். பேனாவால் கெட்டுப்போன காகிதங்களை இத்தனை வருடத்தில் நிறையவே பார்த்துவிட்டேன்.

முதலில் அந்த அழிக்கும் பேனா. அதன் பின்பக்கத்து ரப்பர் எழுத்தைத் தேய்த்து எடுப்பதில்லை, உரசிச் சூடாக்குகிறது, அவ்வளவுதான். சுமார் 60 டிகிரி சூட்டில் அந்த மை நிறத்தை இழந்துவிடும். மத்தியான வெயிலில் பூட்டி நிறுத்திய காரின் டேஷ்போர்டே அந்தச் சூட்டைத் தாண்டும், லெமினேட் மெஷின் 100 டிகிரிக்கும் மேலே. எனக்கு வந்த மற்ற இரண்டு கேஸும் டேஷ்போர்டில் கிடந்த காகிதங்கள்தான். சான்றிதழ், தேர்வுத் தாள் போன்றவற்றுக்கு இதைப் பயன்படுத்தாதீர்கள் என்று தயாரிப்பவர்களே சொல்கிறார்கள், அந்தப் பொடி எழுத்தை யாரும் படிப்பதில்லை. பிள்ளைகள் கணக்குப் போட்டுப் பார்க்க அது நல்ல பேனாதான். பணம், தேதி, கையெழுத்து இருக்கிற எந்தக் காகிதத்திலும் அது படவே கூடாது.

அந்த அம்மாவுடைய தாளுக்கு ஒரு வழி இருந்தது. சூட்டில் போன நிறம் கடுங்குளிரில் திரும்பும், மைனஸ் 10லிருந்து 20 டிகிரி வரை வேண்டும். பக்கத்து மளிகைக் கடையின் ஐஸ்கிரீம் பெட்டியில் இரவு முழுக்க வைக்கச் சொன்னேன். காலையில் எடுத்துப் பார்த்தால் எழுத்து சாம்பல் பூத்த மாதிரி வெளிறிப்போய், ஆனால் படிக்கிற அளவுக்குத் திரும்பியிருந்தது. உடனே இரண்டு போட்டோஸ்டாட் எடுத்துக் கொடுத்தேன்.

இப்போது அந்த 'வழுக்கிக்கிட்டு எழுதுது' விஷயத்துக்கு வருகிறேன். கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் என்ன நினைக்கிறார்கள் என்றால், பேனா விலை அதிகமாக இருந்தால், கனமாக இருந்தால், இரும்பில் இருந்தால், அது வழுவழுவென்று எழுதும். இது தப்பு. சாதாரணத் தப்பு இல்லை, பணத்தைக் கொண்டுபோய்ச் சாக்கடையில் கொட்டுகிற தப்பு. காகிதத்தைத் தொடுவது பேனாவின் உடம்பு இல்லை. ரீஃபிலின் நுனியில் கடுகைவிடச் சின்னதாக ஓர் உருண்டை இருக்கிறது, பெரும்பாலும் டங்ஸ்டன் கார்பைடு, அதுதான் தொடுகிறது. உருண்டை உருள்கிறது, அதில் ஒட்டிக்கொண்டு வெளியே வரும் மைதான் எழுத்து. மேலே இருக்கிற தங்கப் பூச்சுக்கும், கிளிப்பில் செதுக்கிய பெயருக்கும், வெல்வெட் பெட்டிக்கும் இதில் ஒரு பங்கும் கிடையாது. தோட்டத்து வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் ஒருவர், பணி ஓய்வு விருந்தில் கொடுத்த கனமான பேனாவைக் கொண்டுவந்து, "அண்ணே, தொண்ணூறு வெள்ளி சாமானாம், கிறுக்குது" என்று வருத்தப்பட்டார். திறந்து பார்த்தேன். உள்ளே இருந்தது பெயர்கூட இல்லாத மெல்லிய பித்தளை ரீஃபில், நுனியில் மை காய்ந்து கட்டியாகி இருந்தது. நல்ல ரீஃபில் ஒன்றைப் போட்டுக் கையில் கொடுத்தேன். தன் பெயரை நாலு தடவை எழுதிப் பார்த்துவிட்டு, இதே பேனாவா என்று கேட்டார். அதே பேனாதான். இதை மாதத்துக்கு ஒருவருக்காவது சொல்லிக்கொண்டே இருக்கிறேன், இன்னமும் கண்ணாடி அலமாரியைக் காட்டி "அந்தப் பளபளன்னு இருக்கிறதை எடுங்க" என்றுதான் கேட்கிறார்கள்.

ஆகவே முதலில் மையைக் கேளுங்கள். பழைய பால்பாயிண்டில் இருப்பது கெட்டியான எண்ணெய் மை. கொஞ்சம் அழுத்தி எழுத வேண்டும், முதல் எழுத்து சில சமயம் விழாது, நடுவில் திட்டுத் திட்டாகச் சேரும். ஆனால் மழையில் நனைந்தாலும் லேசில் கரையாது. ஜெல் தண்ணீரில் கலந்த மை, கை வைத்தாலே ஓடும், கறுப்பு நல்ல கறுப்பாக விழும், ஆனால் காய நேரம் எடுக்கும், சீக்கிரம் தீரும். அதிலும் சாய மை என்றால் ஒரு சொட்டுத் தண்ணீர் போதும், எழுத்து பூப் பூவாக விரிந்துவிடும். நிறமித் துகள் போட்ட ஜெல் மை காய்ந்த பிறகு தண்ணீரைத் தாங்கும். பால்பாயிண்டுக்கும் ஜெல்லுக்கும் நடுவில் ஒன்று உண்டு. எண்ணெய் மையையே இளக்கி, ஜெல் மாதிரி ஓடவைத்த வகை. யூனி நிறுவனத்தின் ஜெட்ஸ்ட்ரீம், 2006ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது, அந்த வகைதான். பைலட்டின் அக்ரோபாலும் அப்படியே. தினமும் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள ஒரே ஒரு பேனா சொல்லுங்கள் என்று கேட்டால் நான் கையில் எடுத்துக் கொடுப்பது இந்த வகையைத்தான், 0.7 அளவில். சீக்கிரம் காயும், அழுத்த வேண்டாம், வியர்வைக் கை பட்டாலும் அவ்வளவாக இழுபடாது.

நான் கிராணியாக இருந்தபோது விடியற்காலை பெரட்டில், அதாவது வேலைக்கு ஆள் கூடும் இடத்தில், நின்றுகொண்டேதான் செக்ரோல் என்ற வருகைப் பதிவை எழுதுவோம். பனி இறங்கியிருக்கும், தாள் நமுத்துப் போயிருக்கும், கையும் ஈரம். ஒரு புது கிராணி ஆசையாக ஜெல் பேனா கொண்டுவந்தார். அன்று தூறல். ஆறு பேருடைய ஒரு நாள் வருகை நீலக் கறையாகிப் போனது. அந்த ஆறு பேருக்கும் அன்றைய சம்பளத்தைச் சரிபண்ண மூன்று நாள் அலைந்தோம். வெளியில் வேலை செய்கிறவர்களுக்கு நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான், எழுத்து எவ்வளவு அழகாக இருந்தாலும் ஜெல்லை நம்பி வருகைப் பதிவு எழுதாதீர்கள். அது அடுத்தவர் வீட்டு அரிசிக் காசு.

கார்பன் வைத்த பில் புத்தகம் எழுதுகிறவர்களுக்கும் ஜெல் ஆகாது. அழுத்தாமல் எழுதும் பேனா மேல் தாளில் மட்டும்தான் எழுதும், மூன்றாவது தாள் வெள்ளையாக இருக்கும். அங்கே பழைய கெட்டி மை பால்பாயிண்ட்தான் ராஜா, 1.0 இருந்தால் இன்னும் நல்லது. இடது கையால் எழுதும் பிள்ளைகளுக்கு மட்டும் ஜெல்லில் சீக்கிரம் காய்கிற வகை பாருங்கள், பென்டெல் எனர்ஜெல் மாதிரி. இல்லாவிட்டால் எழுதிய வரி முழுக்கக் கையில் ஒட்டிக்கொண்டு போகும், பிள்ளை பாவம், எழுத்து அசிங்கம் என்று திட்டு வேறு வாங்கும்.

0.5, 0.7 என்று போட்டிருப்பது உருண்டையின் விட்டம், மில்லிமீட்டரில். கோடு அதைவிட மெல்லியதாகத்தான் விழும். உருண்டை சிறுத்தால் காகிதத்தின் நார் தட்டும், அந்தக் கரகரப்பைத்தான் 'பேனா மட்டம்' என்கிறீர்கள். பேனா மட்டம் இல்லை, அளவு உங்கள் கைக்குச் சேரவில்லை. பொடி எழுத்துக்காரர்கள் 0.5, மற்றவர்கள் 0.7. பாரத்தில் இருக்கிற குட்டிக் கட்டங்களுக்கு 1.0 வேண்டவே வேண்டாம்.

சோதித்துப் பார்ப்பதிலும் ஒரு கோளாறு. கடைப் பேடில் சுழி சுழியாகச் சுற்றுகிறார்கள். அடியில் இருபது தாள் மெத்தை மாதிரி இருக்கும்போது ஆணியால் சுற்றினால்கூட வழுவழுவென்றுதான் இருக்கும். ஒற்றைத் தாளைக் கெட்டிப் பலகைமேல் வையுங்கள். பெயர், ஐசி (அடையாள அட்டை) எண், கையெழுத்து மூன்றையும் வழக்கமான வேகத்தில் எழுதுங்கள். கையெழுத்தின் முதல் கோடு விழுகிறதா என்று பாருங்கள், மூன்று எண்ணிவிட்டுக் கட்டை விரலால் தேயுங்கள், முடிந்தது. புதுப் பேனா எழுதவில்லை என்றால் நுனியில் சின்ன மெழுகுப் பொட்டு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திட்டுங்கள்.

ரீஃபில் மாற்ற வருகிறவர்கள் தயவுசெய்து பழைய ரீஃபிலை, முடிந்தால் பேனாவையே கொண்டுவாருங்கள். "ஜி2 கொடுங்க" என்று மட்டும் சொல்லி வாங்கிப்போய் மறுநாள் சண்டைக்கு வருகிறார்கள். ஜி2 என்பதில் இரண்டு இருக்கிறது. ஒன்று, பார்க்கர் வகை ரீஃபிலின் உலகப் பொது அளவு, சுமார் 98 மில்லிமீட்டர் நீளம், பின்பக்கம் கொஞ்சம் பருத்திருக்கும். இன்னொன்று பைலட் ஜி2 என்ற ஜெல் பேனா, அதன் ரீஃபில் ஒரு சென்டிமீட்டருக்கும் மேல் நீளம் கூடுதல். ஒன்றுக்கு ஒன்று பொருந்தாது. வெட்டிப் பொருத்துகிறேன் என்று கத்தி எடுக்காதீர்கள், ஜெல் ரீஃபிலின் வாலில் மையைக் காற்றுப் படாமல் மூடியிருக்கும் பசை போய்விடும், அப்புறம் பைக்குள் வெள்ளம்தான்.

வீட்டில் சும்மா கிடக்கிற பரிசுப் பேனா பார்க்கர் வகை ரீஃபில் போடுவது என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். பார்க்கரின் குவிங்க்ஃப்ளோ, ஷ்மிட்டின் ஈஸிஃப்ளோ 9000, ஜெட்ஸ்ட்ரீமிலேயே இந்த அளவில் வரும் ரீஃபில், எதை வேண்டுமானாலும் போடலாம். பழைய கூடு, புது எழுத்து. சுவரில் மாட்டிய அட்டவணையில் நின்றபடி எழுதுகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: நுனி மேலே பார்த்தால் சாதாரண ரீஃபிலில் மை இறங்காது, காற்றுப் புகுந்துவிடும். அதற்கு உள்ளே அழுத்தம் ஏற்றிய ரீஃபில் வேண்டும், 1968ல் அப்போலோ 7 விண்கலத்தில் போன ஃபிஷர் பேனாவில் இருப்பது அதுதான். விலை கூடுதல். தினமும் சுவரில் எழுதுகிறவர்கள் வாங்கலாம், மற்றவர்களுக்குத் தேவை இல்லை.

எழுதாத பேனாவின் நுனியை லைட்டரில் காட்டுவதை நிறுத்துங்கள். உருண்டை உட்காரும் பள்ளம் கெட்டால் அந்த ரீஃபில் அதோடு சரி. கீழே போட்டு நுனி அடிபட்டதும் அப்படித்தான், வைத்தியம் கிடையாது. முழங்கை வியர்வை பட்ட இடத்தில் எழுத்து விட்டுவிட்டு விழுந்தால் அது தாளின் குற்றம், கைக்குக் கீழே ஒரு துண்டுக் காகிதம் வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு அடியில் இருக்கும் பெட்டியில் பேனாவை நாள் முழுக்கப் போட்டு வைக்காதீர்கள், சூட்டில் மை இளகிக் கக்கும். துணி துவைக்கும் முன் சட்டைப்பையைத் தடவிப் பாருங்கள், இதை எத்தனை அக்காமார்கள் என்னிடம் சொல்லி வருத்தப்பட்டிருப்பார்கள் தெரியுமா!

பிள்ளைகள் எஸ்பிஎம் பரீட்சை எழுதப் போகும் காலையில் புதுப் பேனா வாங்கிக் கொடுக்காதீர்கள். ஒரு மாதமாக எழுதிப் பழகிய பேனாவும், அதே ரீஃபில் போட்ட இன்னொன்றும் போதும்.

அந்த அம்மாவிடம் போட்டோஸ்டாட்டை மட்டும் நம்பாமல் ரசீதை மறுபடி எழுதி வாங்கச் சொன்னேன். மறுநாள் சாயங்காலம் வீட்டுக்காரரையே கையோடு கூட்டிவந்தார். அவரும் பழைய தோட்டத்து ஆள்தான், விஷயம் கேட்டுப் பதறிப் போனார். என் மேசையில் வைத்து, நீல எண்ணெய் மைப் பேனாவில், அதே தேதி, அதே தொகை எழுதிக் கையெழுத்துப் போட்டார். அம்மா உடனே வாங்கிக்கொள்ளவில்லை. முந்தானை நுனியைத் தண்ணீரில் தொட்டு, ரசீதின் ஓரத்தில் ஓர் எழுத்தின்மேல் மெதுவாக ஒற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "போகலைப்பா" என்றார். அப்புறம்தான் மடித்துப் பைக்குள் வைத்தார். லெமினேட் செய்யட்டுமா என்று கேட்டேன், வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.