இன்சுலேஷன்: வெப்பக் காப்பா, வெப்பத் தடுப்பா?

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பட்டறையைக் குளிர்காலத்துக்குத் தயார் செய்வது பற்றித் தமிழில் நாலு வரி எழுத உட்கார்ந்தால், முதல் வரியிலேயே ஒரு சொல் வந்து மறிக்கும்: இன்சுலேஷன். அப்படியே எழுதினாலும் புரியும்தான். ஆனால் மின்கம்பியின் மேலுள்ள பிளாஸ்டிக் உறையும் இன்சுலேஷன், சுவருக்குள் வைக்கும் கண்ணாடிப் பஞ்சும் இன்சுலேஷன். தமிழில் எழுதுகிறவர்கள் இதற்கு வெப்பக் காப்பு, வெப்பத் தடுப்பு, வெப்பக் காப்பீடு, காவலி என்று பலவிதமாக எழுதுகிறார்கள். எது எங்கே பொருந்தும் என்று பார்க்கச் சொல்லின் வேரிலிருந்து தொடங்கலாம்.

லத்தீனில் இன்சுலா என்றால் தீவு. ரோம நகரங்களில் நான்கு பக்கமும் தெரு சூழ நின்ற அடுக்குமாடிக் குடியிருப்பையும் இன்சுலா என்றே அழைத்தார்கள். அதிலிருந்து வந்த இன்சுலேட் என்ற வினைக்கு முதற்பொருள் தீவாக்குவது, அதாவது சுற்றியுள்ளவற்றிலிருந்து தொடர்பறுத்துத் தனியாக நிறுத்துவது. 18ஆம் நூற்றாண்டில் மின்சார ஆய்வாளர்களுக்கு இப்படி ஒரு சொல் தேவைப்பட்டது. 1729இல் ஸ்டீபன் கிரே ஒரு நீண்ட சணல் கயிற்றின் வழியே மின்னூட்டத்தை அனுப்பிப் பார்த்தார். கயிற்றைப் பட்டு நூலில் தொங்கவிட்டபோது மின்னூட்டம் மறுமுனைக்குப் போய்ச் சேர்ந்தது; உலோகக் கம்பியில் தொங்கவிட்டபோது வழியிலேயே கசிந்து போனது. பட்டு அந்தக் கயிற்றைத் தரையிலிருந்து பிரித்துத் தீவாக்கியது என்று சொல்லலாம். இன்சுலேட் என்ற சொல் மின்சாரத்துக்கு வந்து, அப்புறம் வெப்பத்துக்கும் ஒலிக்கும் பரவியது.

இதே வேரில் பிறந்தவை பல. தீபகற்பத்தைக் குறிக்கும் பெனின்சுலா, தனிமைப்படுத்தலைக் குறிக்கும் ஐசொலேஷன் இரண்டும் அதன் உறவுகள். கணையத்துக்குள் தீவுத் திட்டுகள் போல இருக்கும் செல்களை 1869இல் பால் லாங்கர்ஹான்ஸ் விவரித்தார். அந்தத் தீவுகளின் பெயரில்தான் இன்சுலின். வேடிக்கை என்னவென்றால், தீவுக்கான சாதாரண ஆங்கிலச் சொல்லான ஐலண்ட் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே இல்லை. அது பழைய ஆங்கிலத்தின் சொந்தச் சொல். லத்தீன் வழி வந்த ஐல் என்ற இன்னொரு தீவுச் சொல்லைப் பார்த்து, உச்சரிக்காத எஸ் எழுத்தை நடுவில் செருகிவிட்டார்கள்.

இன்சொலேஷன் என்று ஒரு சொல்லும் உண்டு. சூரியனைக் குறிக்கும் சோல் என்ற வேரிலிருந்து வந்தது. ஒரு பரப்பின் மேல் விழும் வெயிலின் அளவு என்று பொருள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே ஓர் எழுத்துதான் வேறுபாடு. கூரையைப் பற்றிய கட்டுரையை மொழிபெயர்க்கும்போது இந்த இடத்தில் கவனம் தேவை.

இனி தமிழ்ச் சொற்கள். வெப்பக் காப்பீடு என்பதை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். காப்பீடு இன்சூரன்ஸுக்கு நிலைபெற்றுவிட்ட சொல். வெப்பத்துக்கு பாலிசி எடுப்பது போல ஆகிவிடும். பள்ளிப் பாடங்களில் வரும் அரிதிற் கடத்தி, கடத்தாப் பொருள் என்பவை பொருளின் பண்பைச் சொல்வன. மரம் ஓர் அரிதிற் கடத்தி என்பது சரி; சுவருக்கு அரிதிற் கடத்தி செய்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. இலங்கைப் பாடநூல்களில் காவலி என்ற அழகான சொல் இருக்கிறது. காவலிடப்பட்ட கம்பி என்று வினையாகவும் அது வளைந்து கொடுக்கிறது. பழகிய காதுகளுக்கு இதைவிடச் சுருக்கமான சொல் கிடையாது.

மிச்சம் காப்பும் தடுப்பும். இதில் நான் காப்பின் பக்கம். கா என்ற வினையிலிருந்து வந்தது காப்பு. காவல், காவலன், காப்பகம், பாதுகாப்பு எல்லாம் அதன் சுற்றம். கையில் அணிவதும் காப்பு, நூலின் தொடக்கத்தில் பாடுவதும் காப்பு, பிள்ளைத்தமிழின் முதற்பருவமும் காப்பு. எங்கே வந்தாலும் ஒன்றைச் சூழ்ந்து நின்று பேணுவது என்ற பொருள் மாறுவதில்லை. வெப்பத் தடுப்பு என்றால் வெப்பம் பகையாகிவிடுகிறது. வெயில் காய்கிற ஊரில் மொட்டைமாடிக்கு அது ஒத்துவரும். உறைபனி விழுகிற இடத்தில் உள்ளே இருக்கும் வெப்பம்தான் செல்வம். அதைத் தடுக்க யாரும் பஞ்சு வாங்குவதில்லை. வெப்பக் காப்புக்குத் திசை கிடையாது. வெப்பம் எப்போதும் சூடான பக்கத்திலிருந்து குளிர்ந்த பக்கத்துக்குப் போகும். அந்தப் போக்கை இரு திசையிலும் மெதுவாக்குவதுதான் காப்பின் வேலை. ஜெர்மன் மொழியில் இதற்கு வேர்மடெம்முங் என்று பெயர். அதற்குள் இருப்பது அணைக்கட்டைக் குறிக்கும் சொல். அதுவும் நல்ல கற்பனைதான்.

தடுப்பை ஒதுக்க இன்னொரு காரணமும் உண்டு. வெப்பம் கடப்பதை எவ்வளவு எதிர்க்கும் என்று காட்ட, பொருட்களின் மேல் அச்சடிக்கப்படும் ஆர் மதிப்புக்கு வெப்பத்தடை என்பதே சரியான பெயர், மின்தடை போல. தடையும் தடுப்பும் பக்கத்துப் பக்கத்தில் வந்தால் வாசகர் குழம்பிப் போவார். வெப்பத்தடையைக் கணக்கிடுவது எளிது: தடிமனை மீட்டரில் எடுத்து, பொருளின் வெப்பக் கடத்துதிறனால் (வெப்பத்தை எவ்வளவு எளிதில் கடத்தும் என்பதன் அளவு) வகுத்தால் போதும். மெட்ரிக் அலகில் கண்ணாடிப் பஞ்சின் கடத்துதிறன் சுமார் 0.04, அதை 100 மில்லிமீட்டர் தடிமனில் வைத்தால் தடை 2.5. செங்கல்லுக்குச் சுமார் 0.7. ஆக அதே தடையைச் செங்கல்லிலேயே பெற வேண்டுமானால் சுவர் 1.75 மீட்டர் தடிமனாக இருக்க வேண்டும்! இன்னொரு எச்சரிக்கை: அமெரிக்க ஆர் மதிப்பு வேறு அலகில் வருவது. மெட்ரிக் எண்ணைச் சுமார் 5.68ஆல் பெருக்கினால் அது கிடைக்கும். இந்த 2.5 அங்கே 14 ஆகிவிடும். இரண்டு எண்களையும் அப்படியே ஒப்பிட்டு ஒன்று மட்டமானது என்று முடிவு கட்டக்கூடாது.

இத்தனை பலன் கண்ணாடியாலா என்றால் இல்லை. அசையாமல் நிற்கும் காற்றின் கடத்துதிறன் 0.025 அளவில்தான். பஞ்சு, தெர்மாகோல், நுரைப்பலகை எல்லாமே காற்றையோ வேறொரு வாயுவையோ சின்னச் சின்ன அறைகளில் பிடித்துவைக்கும் உத்திகள். போர்வை சூடாக இருப்பதும் இதனால்தான். பஞ்சை அமுக்கித் திணித்தாலோ ஈரமாக்கினாலோ அந்தக் காற்று போய்விடும், காப்பும் போய்விடும். ராக் வுல் என்பதைத் தமிழில் பாறைப் பஞ்சு என்று சொல்லலாம். கல்நார் என்று மட்டும் எழுதிவிடக் கூடாது. கல்நார் என்பது ஆஸ்பெஸ்டாஸ். நுரையீரலைக் கெடுக்கும் என்பதால் பல நாடுகள் தடைசெய்த பொருள். பழைய கட்டடங்களில் குழாய்களைச் சுற்றி அது இருக்கக்கூடும். சந்தேகம் வந்தால் கைவைக்காமல் விடுவது நல்லது.

தீவு என்ற பழைய பொருள் பட்டறையில் நன்றாகவே கைகொடுக்கிறது. தீவுக்கு ஒரு பாலம் போட்டால் அது தீவாக இருக்காது. கட்டடக்காரர்களும் இதை வெப்பப் பாலம் என்றே சொல்கிறார்கள். தகரக் கொட்டகையின் இரும்புச் சட்டங்களுக்கு நடுவே பஞ்சை நிரப்பிவிட்டு, சட்டத்தை அப்படியே விட்டால், பஞ்சைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் கடத்தும் இரும்பு வழியே வெப்பம் வெளியேறும். மரச்சட்டத்தில் இழப்பு மிகவும் குறைவு. இரும்பாக இருந்தால் சட்டங்களுக்கு மேலாக விட்டுப்போகாமல் ஒரு நுரைப்பலகை வரிசையை ஓட்டுவதுதான் வழி. நுரைப்பலகை எளிதில் தீப்பற்றும். பொறி பறக்கும் பட்டறையில் அதன்மேல் ஜிப்சம் பலகை கட்டாயம்.

தடுப்பு என்ற சொல்லுக்கும் வேலை இருக்கிறது: காற்றுத் தடுப்பு, ஆவித் தடுப்பு. கதவிடுக்கில் ஊதக்காற்று வந்துகொண்டிருந்தால் எவ்வளவு பஞ்சு வைத்தும் பயன் குறைவு, அதனால் இடுக்குகளை அடைப்பது முதல் வேலை. ஆவித் தடுப்பு என்பது பெரும்பாலும் ஒரு பாலித்தீன் விரிப்பு. அறைக்காற்றின் ஈரம் சுவருக்குள் புகுந்து குளிர்ந்த பகுதியில் நீராகப் படியாமல் இருக்க அது வேண்டும். குளிர் நாடுகளில் சுவரின் சூடான பக்கத்தில், அதாவது உட்பக்கமாக அதை வைப்பது வழக்கம். வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த இடத்தில் இந்த ஏற்பாடு தலைகீழாகும்.

ஈரம் பட்டறைக்குத்தான் பெரிய எதிரி. பட்டடை என்ற பழஞ்சொல்லுக்கு, கொல்லன் இரும்பை வைத்து அடிக்கும் அடைகல் என்று பொருள். குறளிலும் அந்தப் பொருளில் வருகிறது. பட்டறை அதன் திரிபு. இரும்புக் கருவிகள் நிறைந்த இடத்தில் புகைபோக்கி இல்லாத எரிவாயு அடுப்பை வைத்துச் சூடேற்றினால், எரியும் ஒவ்வொரு கிலோ புரொப்பேனுக்கும் சுமார் 1.6 கிலோ நீராவி உள்ளேயே சேரும். துருப்பிடிப்பது ஒருபுறம் இருக்கட்டும். இடுக்குகளை அடைத்த அறையில் கார்பன் மோனாக்சைடு சேர்ந்தால் ஆளையே கொன்றுவிடும். மின்சூடேற்றியோ, புகையை வெளியே விடும் அடுப்போதான் அங்கே பொருந்தும்.

கடைசியாக லேகிங் என்ற சொல். குழாய்க்கும் கொதிகலனுக்கும் சுற்றும் காப்பைக் குறிப்பது. பீப்பாயின் மரப்பலகைக்கு லேக் என்று பெயர். பழைய நீராவிக் கொதிகலன்களை அப்படிப்பட்ட பலகைகளால் போர்த்தினார்கள். தமிழில் குழாய்க் காப்புறை என்றால் போதும். காப்புறை போட்டால் குழாய் உறையாது என்று நினைத்துவிட வேண்டாம். அது வெப்பத்தை உண்டாக்குவதில்லை, இழப்பைத் தாமதிக்கிறது. சூடேற்றாத பட்டறையில் சில நாள் தொடர்ந்து உறைநிலைக்குக் கீழே போனால் நீர் உறையத்தான் செய்யும். உறையும்போது சுமார் 9 சதவீதம் விரிந்து குழாயைப் பிளக்கும். அங்கே போகும் குழாயை வீட்டுக்குள் இருக்கும் வால்விலேயே மூடிவிட்டு, மிச்ச நீரை வடித்து, வெளிமுனைக் குழாயைத் திறந்தே விட்டுவைப்பார்கள்.