யாரோ மூலிகை: தமிழில் ஆயிரந்தழை

ஆங்கிலத்தில் 'யாரோ' என்று வழங்கும் மூலிகை ஐரோப்பாவிலும் ஆசியாவின் குளிர்ப் பகுதிகளிலும் புல்வெளி, சாலையோரம் எங்கும் தானாக முளைப்பது. இந்தியாவில் காஷ்மீர் தொடங்கி இமயமலைச் சரிவுகளில் காணலாம். முழங்கால் உயரத் தண்டின் உச்சியில் சின்னஞ்சிறு வெள்ளைப் பூக்கள் தட்டையாகக் கூடி நிற்கும். இலை இறகு போல நுணுக்கமாகப் பிரிந்திருக்கும். கசக்கினால் கற்பூரம் கலந்த வாசம் வரும்.

பழைய ஆங்கிலத்தில் இது ஏறத்தாழ 'யார்வே'. தாவரவியல் பெயர் அக்கிலியா மில்லிஃபோலியம், 1753இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் பதிந்தது. கிரேக்க வீரன் அக்கிலீஸ் பெயர்தான் முதல் பாதி. ஹோமரின் இலியட் காவியத்தில், அக்கிலீஸிடம் வைத்தியம் கற்ற பட்ரோக்ளஸ், காயம்பட்ட தோழனின் தொடையில் கசப்பு வேர் ஒன்றைக் கசக்கி வைக்க, ரத்தம் நிற்கிறது. எந்த வேர் என்று ஹோமர் சொல்லவில்லை. இந்தச் செடியோடு அக்கிலீஸை இணைத்தவர்கள் பின்னால் வந்தவர்கள். மில்லிஃபோலியம் என்றால் லத்தீனில் 'ஆயிரம் இலை'.

சரி, தமிழில்? 'யாரோ' என்றே எழுதினால் 'யாரோ ஒருவர்' என்றுதான் படிக்கத் தோன்றும். 'ஆயிரவிலை' என்றால் விலைதான் காதில் விழும். 'வெட்டுக்காயப்பூண்டு' பொருத்தமாகத் தெரிந்தாலும், அது நம் ஊர்க் கிணற்றடிப்பூண்டின் பெயர், இரண்டையும் குழப்பக்கூடாது. ஆயிரங்கால் மண்டபம் போல 'ஆயிரந்தழை' என்பதே என் தேர்வு. இலையின் தோற்றத்தை அப்படியே சொல்கிறது.

படைவீரர் மூலிகை என்றே லத்தீனில் இதற்கு ஒரு பெயர் உண்டு. வெட்டுக்காயத்தில் இலையை அரைத்து வைத்தார்கள். இங்கிலாந்துக் கிராமங்களில் இதை 'மூக்குரத்தம்' என்றும் அழைத்தார்கள். மூக்கில் வழியும் ரத்தத்தை நிறுத்த இலையைச் சுருட்டி வைப்பதும் உண்டு, அதே இலையால் மூக்கைக் குடைந்து ரத்தம் வரவைப்பதும் உண்டு! பசியின்மை, வயிற்றுப் பிடிப்பு, மாதவிடாய் வலிக்குக் கஷாயம் குடித்தார்கள். இன்றும் ஐரோப்பிய மருந்து முகமை இவற்றையும் சிறு மேற்காயங்களையும் மரபுவழிப் பயன்பாடாகவே ஏற்கிறது. அதாவது நெடுங்கால வழக்கம்தான் ஆதாரம், மருத்துவ ஆய்வுகள் போதுமானதாக இல்லை. ஜெர்மனியின் மூலிகைக் குழு வகுத்த அளவு நாளுக்கு 4.5 கிராம் உலர்மூலிகை.

அளவைவிட முக்கியமானது, யார் தொடக்கூடாது என்பது. இது சூரியகாந்திக் குடும்பம். சாமந்தியோ பார்த்தீனியமோ பட்டால் அரிப்பும் தடிப்பும் வருகிறவர்களுக்கு இதுவும் ஒவ்வாமல் போகலாம். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் 12 வயதுக்குட்பட்டவர்களும் உட்கொள்ள வேண்டாம். வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள், அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது. ஆழமான காயத்தில் எந்தப் பச்சிலையும் வேண்டாம். சுத்தத் துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். நாய், பூனை, குதிரைக்கு இது நஞ்சு.

அப்புறம், வெளிநாடுகளில் இருக்கும் நம்மவர்கள் காட்டில் பறிப்பதாக இருந்தால் ஓர் எச்சரிக்கை. சாக்ரடீஸுக்கு நஞ்சாகக் கொடுக்கப்பட்ட ஹெம்லாக் செடியின் வெள்ளைப் பூங்கொத்தும் தூரத்தில் இதைப் போலவே இருக்கும். அதன் தண்டு வழவழப்பாக, ஊதாப் புள்ளிகளோடு இருக்கும். ஆயிரந்தழையின் தண்டில் மெல்லிய ரோமம் உண்டு. சிறு சந்தேகம் இருந்தாலும் பறிக்காதீர்கள்.