அமெரிக்காவில் சிவில் வழக்கு ஜூரி: சம்மன் வந்தால் செய்ய வேண்டியது

முதலில், ஜூரியாக, அதாவது வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழுவில் ஒருவராக, உட்கார முடியாதவர்களுக்கு. அமெரிக்கக் குடிமக்கள் மட்டுமே ஜூரியாக இருக்கலாம். கிரீன் கார்டு, எச்-1பி விசாக்காரர்களுக்கு இந்த வேலை இல்லை. ஆனாலும் சம்மன் வரும். பல மாநிலங்களில் டிரைவிங் லைசென்ஸ் பட்டியலிலிருந்தும் பெயர் எடுக்கிறார்கள். அதில் குடிமகன், அல்லாதவர் எல்லோரும் இருப்பார்கள். கடிதத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். படிவத்தில் ‘குடிமகன் இல்லை’ என்று குறித்து அனுப்புங்கள். அவசரத்தில் ‘குடிமகன்’ என்று குறித்துவிட்டால், பின்னாளில் குடிவரவு விண்ணப்பத்தில் அது பெரிய தலைவலியாகும்.

குடியுரிமை வாங்கியவர்களுக்கு இது தட்டிக்கழிக்க முடியாத கடமை. ஃபெடரல் (மத்திய அரசு) நீதிமன்றம் என்றால் 18 வயது ஆகியிருக்க வேண்டும், அந்த நீதிமன்ற எல்லைக்குள் ஓராண்டு வசித்திருக்க வேண்டும், படிவத்தை நிரப்பும் அளவுக்கு ஆங்கிலம் தெரிய வேண்டும். நம் உச்சரிப்பு ஒரு தடையே இல்லை. காரணமில்லாமல் போகாமல் இருந்தால் 1,000 டாலர் வரை அபராதம், மூன்று நாள் வரை சிறை என்று சட்டம் சொல்கிறது. உண்மையான சிரமம் இருந்தால் தேதியைத் தள்ளிவைக்கக் கேட்கலாம்.

சிவில் வழக்கில் யாரும் ஜெயிலுக்குப் போவதில்லை. விபத்து நஷ்டஈடு, வேலையிடத்தில் பாகுபாடு, காப்புரிமைச் சண்டை, ஒப்பந்த மீறல் போன்றவைதான் விஷயம். 1791-இல் வந்த ஏழாவது அரசியல் சட்டத் திருத்தம், 20 டாலருக்கு மேற்பட்ட வழக்குகளில் ஜூரி உரிமை உண்டு என்கிறது. அந்த 20 டாலரை இன்றுவரை யாரும் மாற்றவில்லை!

நீதிமன்றத்தில் வக்கீல்களும் நீதிபதியும் உங்களைக் கேள்வி கேட்பார்கள்: இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை செய்தீர்களா, யார் மீதாவது வழக்குப் போட்டிருக்கிறீர்களா என்றெல்லாம். மறைக்காமல் சொல்லுங்கள். ஃபெடரல் சிவில் வழக்கில் ஒவ்வொரு தரப்பும் காரணம் சொல்லாமலே மூன்று பேரை நீக்கலாம். ஆனால் இனத்தைக் காரணமாக வைத்து நீக்கக் கூடாது என்று 1991-இலும், ஆண், பெண் என்று பார்த்து நீக்கக் கூடாது என்று 1994-இலும் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நீக்கப்பட்டால் வருத்தப்பட ஒன்றுமில்லை. அன்று காலையிலேயே இரு தரப்பும் சமரசமாகிப் போய், எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவதும் சகஜம்.

புதிதாகப் போகிறவர்கள் குழம்புவது ஒரு இடத்தில்தான். கிரிமினல் வழக்கில் நியாயமான சந்தேகத்துக்கே இடமில்லாமல் குற்றம் நிரூபணமாக வேண்டும். சிவில் வழக்கில் அவ்வளவு தேவையில்லை. வாதி சொல்வது நடந்திருக்கவே அதிக வாய்ப்பு என்று உங்களுக்குத் தோன்றினால் போதும். கொஞ்சம் சந்தேகம் மிச்சமிருந்தாலும் அவர் பக்கம் தீர்ப்புச் சொல்லலாம். மோசடி போன்ற சில குற்றச்சாட்டுகளுக்கு இன்னும் உறுதியான நிரூபணம் தேவைப்படலாம். அதை நீதிபதி சொல்லிவிடுவார். சட்டம் அவர் பொறுப்பு. என்ன நடந்தது, எவ்வளவு நஷ்டஈடு என்பது உங்கள் பொறுப்பு.

ஃபெடரல் சிவில் ஜூரியில் 6 முதல் 12 பேர். கூடுதல் ஆள் என்று யாரும் கிடையாது. உட்கார்ந்தவர் எல்லோரும் முடிவில் பங்கெடுப்பார்கள். இரு தரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொண்டால் ஒழிய முடிவு ஒருமனதாக இருக்க வேண்டும். மாநில நீதிமன்றங்களில் கதை வேறு. கலிஃபோர்னியாவில் 12 பேரில் 9 பேர் ஒத்துப்போனால் போதும். நியூயார்க்கிலும் நியூஜெர்சியிலும் 6 பேரில் 5 பேர்.

வழக்கு முடியும்வரை வீட்டில்கூட அதைப் பற்றிப் பேசக் கூடாது. கூகுளில் தேடுவதும் கூடாது. சம்பவம் நடந்த தெருவை மேப்பில் பார்ப்பதுகூடத் தப்புதான்.

பணம்? ஃபெடரலில் நாளுக்கு 50 டாலர், பயணப்படி தனி. கலிஃபோர்னியாவில் முதல் நாளுக்கு ஒன்றுமில்லை, அப்புறம் நாளுக்கு 15 டாலர். அங்கே பார்க்கிங்குக்கே பத்தாது. ஃபெடரல் ஜூரி டியூட்டிக்குப் போனதற்காக முதலாளி வேலையை விட்டுத் தூக்க முடியாது. ஆனால் அந்த நாட்களுக்குச் சம்பளம் தர வேண்டும் என்று ஃபெடரல் சட்டம் தனியார் கம்பெனிகளைக் கட்டாயப்படுத்தவில்லை, உங்கள் எச்.ஆரிடம் முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

‘ஜூரி டியூட்டிக்கு வரவில்லை, கைது செய்யப்போகிறோம், உடனே கிஃப்ட் கார்டில் பணம் கட்டு’ என்று போன் வந்தால் அது மோசடி. நீதிமன்றம் போனில் பணம் கேட்காது. போனை வைத்துவிட்டு, சம்மனில் அச்சிட்டிருக்கும் எண்ணைக் கூப்பிட்டு விசாரியுங்கள்.