மழைத்தோட்டமா, மழைப்பாத்தியா?

'ரெயின் கார்டன்' என்பதை மழைத்தோட்டம் என்று எழுதுவது பழகிவிட்டது. சொல்லில் பிழையில்லை. ஆனால் முதல்முறை கேட்பவர் மானாவாரித் தோட்டம் என்றே எண்ணிக்கொள்வார். விஷயம் அதுவல்ல. கூரையிலும் தளத்திலும் விழுந்து தெருவுக்கு ஓடப் பார்க்கும் நீரை மறித்து மண்ணுக்குள் இறக்க, ஒரு சாணுக்கும் குறைவாகத் தோண்டிச் செடி நட்ட பள்ளம் அது.

இந்த முறை உருவானது அமெரிக்காவில், 1990-ல், மேரிலாந்து மாநிலத்தின் பிரின்ஸ் ஜார்ஜஸ் கவுன்டியில். புதுக் குடியிருப்பு ஒன்றில் பெரிய தேக்கக் குளம் வெட்டாமல், மனைக்கு மனை 300 முதல் 400 சதுர அடியில் பள்ளம் அமைத்தார்கள். பொறியாளர்கள் வைத்த பெயர் 'பயோரிடென்ஷன்', அதாவது செடியும் மண்ணும் கொண்டு நீரைப் பிடித்துவைத்தல். அது வீட்டுக்காரர் வாயில் நுழையுமா?

'கார்டன்' என்ற சொல்லின் வேர்ப்பொருள் அடைப்பு, வேலியிட்ட இடம். 'யார்டு' என்பதும் அதன் உறவுதான். அதாவது வெளியே உள்ளதை வெளியிலேயே நிறுத்தும் சொல். இந்தப் பள்ளமோ வெளிநீரை உள்ளே அழைக்கிறது. நம்மிடம் இதற்குப் பொருந்தும் சொல் முன்பே இருக்கிறது: பாத்தி. பகுத்தல் என்னும் பொருளில் பிறந்து, வரப்பு கட்டி நீர் நிறுத்தும் சிறு நிலத்துக்குப் பெயரானது. உப்புப் பாத்தியும் பாத்திதான். அங்கே நீர் மேலே போகிறது, இங்கே கீழே போகிறது. ஆகவே என் தேர்வு மழைப்பாத்தி.

பாத்தி என்றதும் அதன் உறுப்புகளுக்கும் பெயர் தேட வேண்டாம். கூரைக் குழாயிலிருந்து வருவது வாய்க்கால், தாழ்ந்த பக்கம் வரப்பு, மிஞ்சிய நீர் வெளியேறுவது கலிங்கு. அளவும் எளிது. ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். 100 சதுர மீட்டர் கூரையில் 20 மில்லிமீட்டர் பெய்தால் 2,000 லிட்டர். அது முழுவதையும் தாங்க 15 சென்டிமீட்டர் ஆழத்தில் சுமார் 13 சதுர மீட்டர் பாத்தி வேண்டும். அவ்வளவு இடம் இல்லையென்றால் கூரையின் ஒரு பகுதி நீரை மட்டும் திருப்பலாம்.

வீட்டு அடித்தளத்திலிருந்து குறைந்தது 3 மீட்டர் தள்ளி வெட்டுங்கள். முதலில் சிறு குழி தோண்டி நீரூற்றிப் பாருங்கள். இரண்டு நாளாகியும் வற்றவில்லையென்றால் அந்த இடம் ஆகாது. கொசு முட்டை பறக்கும் கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும் என்பதால், வற்றும் பாத்தியைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

இன்னொரு சொல். 'ஸ்டார்ம்வாட்டர்' என்பதைப் 'புயல்நீர்' என்று மொழிபெயர்த்திருப்பதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். மழைநீர் என்றாலே போதும். 'மழைநீர் வடிகால்' என்றுதானே சொல்கிறோம். ஆனால் 'புயலென்னும் வாரி' என்று 14-ஆம் குறளில் வருகிற புயல், மழையேதான். தெரியாமல் செய்த பிழைக்கு வள்ளுவர் துணைநிற்கிறார்.